ஊசிக்கல்மேட்டு ரகசியச் சொல்

ஊசிக்கல்மேடு அரசு மேல்நிலைப் பள்ளிக்குக் கணிப்பொறி வருவதற்கு நான்கு மாதம் முன்பே, அதிலிருந்து மாணவர்களைப் பாதுகாப்பது எப்படி என்ற சுற்றறிக்கை வந்து சேர்ந்துவிட்டது. அது 1988ஆம் ஆண்டு, ஜூன் மாதம். கடத்தூரிலிருந்து மொரப்பூர் போகும் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளியில் அதுவரை மின்சாரத்தால் ஓடிய ஒரே பொருள் தலைமையாசிரியர் அறை மின்விசிறிதான். அதுவும் மழைக்காலத்தில்தான் ஓடும்.

சுற்றறிக்கையை அனுப்பியது ‘இளைஞர் கணிப்பொறிப் பாதுகாப்புப் பழக்கத் திட்ட அலுவலகம்’. அதில் பதினான்கு விதிகள் இருந்தன. முதல் விதி, கணிப்பொறிக்குத் துணியுறை தைக்க வேண்டும். இரண்டாவது, செருப்பணிந்து அருகில் செல்லக் கூடாது. ஏழாவது, மாணவிகள் தலையில் பூ வைத்துக்கொண்டு கணிப்பொறி அறைக்குள் வரக் கூடாது. பதினான்காவது, மேற்கண்ட பதின்மூன்று விதிகளையும் திங்கட்கிழமைதோறும் இறைவணக்கக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

தலைமையாசிரியர் அர்ச்சுனன் ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. எந்தச் சுற்றறிக்கைக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் போட்டுவிடுவது அவர் வழக்கம். தையல் ஆசிரியை ஹமீதுன்னிசாவைக் கூப்பிட்டு முதல் விதியைக் காட்டினார்.

“அளவு என்னங்க சார்?” என்று கேட்டார் ஹமீதுன்னிசா.

“அளவு போடலியேம்மா. பெருசாவே தைச்சிடுங்க. கவர்மெண்டு சின்னதா எதயும் வாங்காது.”

ஒரு கன்றுக்குட்டியை நிற்க வைத்து மூடலாம் என்ற அளவில் நீலத் துணியில் உறை தயாரானது. ‘உறை தயார், கணிப்பொறி மட்டும் வர வேண்டியுள்ளது’ என்று பள்ளியிலிருந்து அறிக்கை போயிற்று. மாவட்டத்திலேயே முதல் விதியை முதலில் நிறைவேற்றியவர் என்ற காரணத்தால், ஹமீதுன்னிசாவைப் பள்ளியின் கணிப்பொறிப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்துப் பதில் வந்தது. கணக்கு ஆசிரியர் அன்று மதியம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பொறுப்பு தன் தலையில் விழும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார்.

ஹமீதுன்னிசாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கடத்தூரில் வீடு. கணவர் தாவூது பஸ் ஸ்டாண்டில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்ததைத் தவிர இயந்திரங்களோடு அவருக்கு வேறு உறவு கிடையாது. அவருக்குத் தருமபுரியில் மூன்று நாள் பயிற்சி என்று ஆணை வந்தது.

பயிற்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அறுபது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். கணிப்பொறி வரவில்லை. பயிற்சி பெறாதவர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுவருவது ஐந்தாம் விதிக்கு முரண் என்று அறிவித்தார்கள். திட்ட அலுவலர் ராஜாமணி தொடக்க உரை ஆற்றினார். நல்ல குரல் அவருக்கு. கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் மேடைக் குரலில் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

“நண்பர்களே! ஏழு மாதமாக இந்தத் திட்டத்தை நான் நடத்தி வருகிறேன். இதுவரை ஒரு விபத்துகூட இல்லை. என்ன காரணம்? இதுவரை நான் ஒரு கணிப்பொறியைக்கூடத் தொட்டதில்லை. இந்தப் பாதுகாப்பு உணர்வைத்தான் நம் இளைஞர்களிடம் நான் எதிர்பார்க்கிறேன்!”

எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாம் நாள், இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்து இருபது நிமிடம் பேசினார். அந்த மூன்று நாளில் உபயோகமாக இருந்தது அந்த இருபது நிமிடம்தான். “கணிப்பொறிக்குள்ளே ‘நாட்குறிப்பு’ என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு மாணவரும் தன் எண்ணையும், தனக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சொல் ஒன்றையும் அடித்தால் அவர் பக்கம் திறக்கும். எழுதியதற்கு மேலே அவர் பெயரையும் தேதியையும் பெட்டியே போட்டுக்கொள்ளும். அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லாமல் இருக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு தானாக வரும்” என்றார் அவர். அவருக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிட்டு ராஜாமணி மைக்கைப் பிடித்தார்.

“அவர் சின்னப் பையன், வியாபாரத்துக்கு வந்தவர். நிர்வாகம் தெரியாது. மாவட்டம் முழுக்க ஒரே ரகசியச் சொல்தான். நானே தேர்ந்தெடுத்திருக்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள். சேஃப்டி. எஸ், ஏ, எஃப், டி, ஒய்.”

ஹமீதுன்னிசா எழுந்தார். “ஐயா, எஃப்புக்கு அப்புறம் ஒரு ஈ வரணுங்களே?”

ராஜாமணி தாளைப் பார்த்தார்.  “ஈ கூட நுழைய முடியாத பாதுகாப்பு என்று இதைத்தான் சொல்வது” என்றார். மறுபடியும் கைதட்டல்.

ஹமீதுன்னிசா உட்காரவில்லை. “அது சரிங்க ஐயா. ஆளுக்கொரு சொல்லுன்னு அந்தத் தம்பி சொன்னாரே? எல்லாத்துக்கும் ஒரே சொல்லுன்னா, ஒருத்தர் பேருல இன்னொருத்தர் எழுதிட்டா?”

“பதினாறு வயசுப் பிள்ளைக்கு என்னம்மா ரகசியம்? அதிலும் பெண் பிள்ளைக்கு? ஆளுக்கொரு சொல் கொடுத்தால் ஒழுக்கம் என்ன ஆவது? நாளைக்கு ஒரு பிள்ளை உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும் என்றால் யாரைக் கேட்பேன்?”

“அந்தப் புள்ளயத்தாங்க கேக்கணும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராஜாமணி பக்கத்திலிருந்த எழுத்தரிடம் குனிந்து, அந்த அம்மாவின் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அக்டோபரில் கணிப்பொறி லாரியில் வந்து இறங்கியது. டி.வி. மாதிரி ஒரு பெட்டி, டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை, கூடவே அச்சடிக்கும் பொறி ஒன்று. நீல உறை இம்மூன்றையும் மேசையையும் நாற்காலியையும் மூடியது போக, தரையிலும் ஒரு முழம் கிடந்தது. அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்புப் பலகையும் வந்திருந்தது. பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து: ‘இப்பள்ளியின் ரகசியச் சொல்’ என்று மேலே, அந்த ஐந்து எழுத்து கீழே. பொதுமக்கள் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததால் சாலையைப் பார்த்த சுவரில் மாட்டினார்கள்.

பிறகு உறுதிமொழி வந்தது. திங்கட்கிழமைதோறும் அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் வலது கையை நீட்டி, “எஸ், ஏ, எஃப், டி, ஒய் என்னும் ரகசியச் சொல்லை உயிருள்ளவரை வெளியிட மாட்டேன்” என்று உரக்கச் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்தவர் ஹமீதுன்னிசா. எதிர் டீக்கடையில் இருந்தவர்களுக்கும் இரண்டு வாரத்தில் மனப்பாடமாகிவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர் பள்ளி நிறுத்தம் வந்ததும், “சேஃப்டி எல்லாம் எறங்கு” என்று சத்தம் போட ஆரம்பித்தார்.

டிசம்பரில் கணிப்பொறிகளை வைரஸ் தாக்குவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. ராஜாமணி உடனே சுகாதார ஆய்வாளர் ஒருவரை அனுப்பிவைத்தார். அவர் அறை மூலைகளில் மருந்து தெளித்து, ஜன்னலில் கொசுவலை அடிக்கச் சொல்லி, ‘இவ்வறையில் கிருமி இல்லை’ என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். சளி பிடித்த பிள்ளைகள் ஒரு மாதம் உள்ளே வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் மூக்கு ஒழுகாத பிள்ளைகள் பள்ளியில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பாஞ்சாலி.

பாஞ்சாலி பிளஸ் ஒன் படித்தாள். அப்பா முனியப்பனுக்கு ஊருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும். அவர்கள் தெருவில் பத்தாவது தாண்டிய முதல் பெண் அவள்தான். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். ஆனால் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குக் கேள்வியாக வரும். பத்து நாளில் ஹமீதுன்னிசாவை விட வேகமாக அடித்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத் தன் நாட்குறிப்பில் கிணற்று மோட்டார் பற்றியும், கடலைக்காய் பறிப்பு பற்றியும், கன்றுக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு நின்றது பற்றியும் எழுதினாள்.

ஒருநாள் அவளே கேட்டாள். “டீச்சர், இந்தச் சொல்லு பூட்டு மாதிரிங்களா?”

“ஆமா.”

“சாவிய ஊருக்கே குடுத்துட்டோமே, அப்புறம் அது எப்பிடிங்க பூட்டு?”

 அன்று மாலையே ஹமீதுன்னிசா திட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார், பிள்ளைகள் ஆளுக்கொரு சொல் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. மூன்றாம் வாரம் பதில் வந்தது. ‘தனிச்சொல் கோருவது தனிமனித ரகசியங்களை ஊக்குவிக்கும் செயல். இனி இவ்வாறு எழுதினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ அதை மடித்துத் தையல் மெஷின் டிராயரில் வைத்தார். அனுமதி இல்லாமலே பாஞ்சாலியின் சொல்லை மட்டுமாவது மாற்றிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார். ஆய்வின்போது பக்கம் திறக்காவிட்டால் வம்பாகிவிடும் என்று விட்டுவிட்டார். பிறகு பல நாள் அவர் தன்னையே திட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

பிப்ரவரி பத்தாம் தேதி பள்ளியில் பாதுகாப்பு விழிப்புணர்வு விழா. ராஜாமணி தருமபுரியிலிருந்து ஜீப்பில் வந்தார். பெற்றோர்களை அழைத்திருந்தார்கள். கணிப்பொறியை மைதானத்துப் பந்தலுக்குத் தூக்கி வந்து, பெற்றோர்கள் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். முனியப்பன் வெள்ளைச் சட்டை போட்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் சிறந்த மாணவியாகத் தேர்வாகியிருக்கிறாள் என்று அவருக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தார் அர்ச்சுனன்.

“இப்போது பாதுகாப்பான பழக்கம் உள்ள ஒரு மாணவி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கப்போகிறோம்” என்றார் ராஜாமணி. பாஞ்சாலி எழுந்து வந்து தன் எண்ணையும் ஐந்து எழுத்தையும் அடித்தாள். கடைசியாக எழுதிய பக்கத்தை அச்சடிக்கச் சொன்னார் ராஜாமணி. பொறி கரகரவென்று சத்தமிட்டுத் தாளைத் தள்ளியது. பாஞ்சாலி பார்ப்பதற்குள் அவர் அதைக் கிழித்தெடுத்து மைக் முன்னால் பிடித்துக்கொண்டார்.

“பெயர், எம். பாஞ்சாலி. தேதி, பிப்ரவரி மூன்று. அன்புள்ள மாதுவுக்கு, உன் பாஞ்சாலி எழுதுவது. உன்னைப் பார்க்காத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை...”

ஹமீதுன்னிசா எழுந்து, “ஐயா, நிறுத்துங்க!” என்றார். ராஜாமணி நிறுத்தவில்லை. தாளை எடுத்தால் முடித்துத்தான் வைப்பார். ஏரிக்கரை வந்தது, சோளக்கொல்லை வந்தது, அதற்கப்புறம் வந்த இரண்டு வரிகள் ஆயிரம் பேர் முன்னால் யாரும் சொல்லக் கூடாதவை. அவர் அதே நல்ல குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். கடைசி வரி முடிந்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. “இது கண்டிக்கத்தக்கது” என்றார்.

 பாஞ்சாலியின் கைகள் இன்னும் எழுத்து அடிக்கும் பலகைமேல் இருந்தன. “நான் எழுதலீங்க டீச்சர்” என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அதுவும் பந்தல் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். முனியப்பன் வரிசையைக் கடந்து வந்து, மகளின் கையைப் பிடித்து, செருப்பைக்கூட மாட்டாமல் கூட்டிக்கொண்டு போனார்.

பிளஸ் டூ படித்த மாதுவை அன்றைக்கே அவன் வீட்டார் மொரப்பூரில் ரயிலேற்றி உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதம் பெற்றவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதால் விசாரணையில் அவன் பெயரைச் சேர்க்கவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். கடிதத்தை வாசித்த ராஜாமணி தலைவர், அர்ச்சுனன் உறுப்பினர், ராஜாமணியின் எழுத்தர் செயலாளர். ரகசியச் சொல் யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது என்பதை முதலில் கண்டறிய முடிவாயிற்று. பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, “எஸ், ஏ, எஃப், டி, ஒய் என்ற சொல் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்கள். ஆறாம் வகுப்பில் நான்கு பேருக்கு மட்டும் அதுவரை எழுத்துகள் வரிசையாகத் தெரியாமல் இருந்தது. கேள்வி கேட்ட பிறகு தெரிந்துவிட்டது. உறுதிமொழி எடுத்திருந்ததால் மற்ற அறுநூற்று ஆறு பேரும் தெரியாது என்றே சொன்னார்கள். பாஞ்சாலியை எழுத்தரே வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவள் தெரியும் என்றாள். ‘சொல்லை அறிந்தவர் ஒருவர் மட்டுமே’ என்று எழுத்தர் பதிவு செய்தார்.

ஹமீதுன்னிசா வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய் மேசையில் விரித்தார். “பாருங்க சார். பிப்ரவரி ரெண்டு, மூணு, நாலு, மூணு நாளும் பாஞ்சாலி லீவு. பாப்பிரெட்டிப்பட்டியில அவங்க சொந்தத்துல கல்யாணம். மூணாந்தேதி இந்தப் புள்ள ஊர்லயே இல்லீங்க. திரும்பி வந்தப்புறமும் விழாவுக்காக மிஷின மூடியே வெச்சிருந்தோம். எப்பிடி எழுதியிருக்கும்?”

குழு இதை இரண்டு மணி நேரம் விவாதித்தது. முடிவை ராஜாமணியே வாசித்தார்.

“வருகைப் பதிவேடு மனிதக் கையால் எழுதப்படுவது. மனிதன் தவறு செய்வான். கணிப்பொறி பொய் சொல்லாது. எனவே மூன்றாம் தேதி மாணவி பள்ளியில் இருந்திருக்கிறார். பதிவேட்டில் அன்றைய தேதியில் அவர் வருகை தந்ததாகத் திருத்த வேண்டும். வந்த மாணவியை வரவில்லை என்று குறித்த வகுப்பாசிரியரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.”

அர்ச்சுனன் பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தைத் திருத்தி, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்.  வெளியே வந்ததும், “என்னம்மா பண்றது, எனக்கும் பொண்ணுங்க இருக்குது” என்றார். அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று ஹமீதுன்னிசாவுக்குப் புரியவில்லை.

ஹமீதுன்னிசா அன்று நேரே முனியப்பன் வீட்டுக்குப் போனார். பாஞ்சாலியின் அம்மா சாலம்மாள் வாசலிலேயே நின்று பேசினாள்.

“வூட்டுக்குள்ள வாங்கன்னு சொல்லக்கூட பயமா இருக்குதுங்க டீச்சரம்மா. தெருவே பாக்குது. அவ ஒரு வாய் சோறு திங்கறதில்ல. பங்குனியில ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்துடறதுன்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு. அவனுக்கு முப்பத்தஞ்சு வயசு. மொதப் பொண்டாட்டி செத்துட்டா.”

உள்ளே இருந்து பாஞ்சாலியின் குரல் வந்தது. “டீச்சர், நான் எழுதலன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க. அவரு என்னய நிமிந்துகூடப் பாக்க மாட்டேங்கறாரு.”

முனியப்பன் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார். “படிக்காதவன் நானு. மிஷினு பொய் சொல்லாதுன்னு ஆபீசரு சொல்றாரு. நீங்க சொல்லும்னு சொல்றீங்க. நான் எதய நம்பறதுங்க?”

“வர்ற வியாழக்கெழம கடைசி விசாரணை. நீங்க வாங்க. வந்து உக்காந்து பாத்தாப் போதும்.”

அன்றிரவு அவர் தாவூதிடம், “என் வேலைக்கே ஆபத்து வரும் போலிருக்குது” என்றார். தாவூது யோசித்துவிட்டு, “அந்தப் புள்ள வயசுல நமக்கு ஒண்ணு இருந்திருந்தா என்ன பண்ணுவியோ, அதப் பண்ணு” என்று சொல்லிவிட்டு விளக்கைத் தணித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வியாழக்கிழமை விசாரணை கணிப்பொறி அறையிலேயே நடந்தது. பாஞ்சாலி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ‘நான் எழுதினேன், மன்னிக்கவும்’ என்று எழுத்தர் தயாராக எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் நன்னடத்தைச் சான்றிதழில் ஒரு வரியோடு விட்டுவிடுவதாகவும் போடாவிட்டால் நீக்கம் என்றும் ராஜாமணி விளக்கினார். முனியப்பன் கதவோரம் நின்றிருந்தார். பாஞ்சாலி பேனாவைத் தொடவில்லை.

“ஐயா, கையெழுத்துக்கு முன்னால ஒரு தடவ மிஷினையே கேட்டுடலாங்களா?” என்றார் ஹமீதுன்னிசா. ராஜாமணி பெருமையாகத் தலையசைத்தார். “கேளுங்கள். அது எப்போது கேட்டாலும் உண்மையைத்தான் சொல்லும்.”

ஹமீதுன்னிசா உறையை நீக்கி உட்கார்ந்தார். அதிகாரிகளுக்கென்று ஒதுக்கியிருந்த முதல் எண்ணை அடித்தார். ஐந்து எழுத்துகளை அடித்தார். பிறகு நிதானமாக நான்கு வரி அடித்தார். பொறி கரகரத்தது. தாளைக் கிழித்து ராஜாமணி கையில் கொடுத்தார்.

கையில் தாள் வந்துவிட்டது. ராஜாமணி வாசித்தார்.

“பெயர், ராஜாமணி, திட்ட அலுவலர். தேதி, பிப்ரவரி இருபத்து மூன்று. மாணவி பாஞ்சாலியின் பெயரில் மாதுவுக்குக் கடிதம் எழுதியவன் நான்தான். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. இதை என் சுயநினைவோடு...”

அங்கே குரல் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு தாளைப் பாதியில் நிறுத்தினார்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்களே ஐயா” என்றார் ஹமீதுன்னிசா.

“இது மோசடி! இதை நீ அடித்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்!”

“ஆமாங்க. நீங்க பாத்தீங்க. அந்தப் புள்ள பேருல அடிச்சப்ப யாரும் பாக்கல. அவ்ளோதாங்க வித்தியாசம்.”

 எழுத்தர் வழக்கப்படி அந்தத் தாளை வாங்கி, விசாரணையின்போது வரப்பெற்ற ஆவணம் என்று முத்திரை குத்தி எண் போட்டுவிட்டார். முத்திரை குத்திய பிறகுதான் ராஜாமணி பார்த்தார். எண் போட்ட ஆவணத்தைக் கிழிக்க அவருக்கே அதிகாரம் கிடையாது. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் முனியப்பன் மகளின் முகத்தை வெகுநாள் கழித்துப் பார்த்தார். அவள் தலையில் கை வைத்தார். அவள் அழுதாள். பிறகு அவர் ஹமீதுன்னிசாவிடம் வந்தார்.

“எனக்குப் புரிஞ்சிடுச்சிங்க டீச்சரம்மா. நம்ம புள்ளயப் போயி சந்தேகப்பட்டேன் பாருங்க. ஆனா எனக்கு அடிச்சிக் காட்டுன மாதிரி, ஊர்ல ஒவ்வொருத்தனயும் உக்கார வெச்சி அடிச்சிக் காட்ட முடியுங்களா? பந்தல்ல கேட்டவன் ஆயிரம் பேரு. இங்க பாத்தவன் நான் ஒருத்தன்.”

 “கல்யாணத்த மட்டும் நிறுத்துங்க” என்று கேட்டுக்கொண்டார் ஹமீதுன்னிசா. முனியப்பன் நிறுத்தினார். அதற்காகப் பங்காளிகள் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஏப்ரலில் ஆணை வந்தது. திட்ட அலுவலகம் நுணுக்கமாக ஆராய்ந்திருந்தது. பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி, முற்பகல் பதினொரு மணி முதல் பதினொன்று இருபது வரை மட்டும் கணிப்பொறி தற்காலிகமாகப் பொய் சொன்னது எனவும், முறையாக உறை போர்த்தாததே இதற்குக் காரணம் எனவும், அந்த இருபது நிமிடம் தவிர மற்ற நேரங்களில் அது சொன்னது யாவும் செல்லும் எனவும் அதில் கண்டிருந்தது. ஆகவே ராஜாமணி குற்றமற்றவர். பிப்ரவரி மூன்றாம் தேதி அந்த இருபது நிமிடத்துக்குள் வராததால் பாஞ்சாலி மீதான குற்றம் நிற்கிறது. உறைக்குப் பொறுப்பான தையல் ஆசிரியைக்குப் பென்னாகரம் பக்கம் இடமாற்றம். மேல்முறையீடு செய்யலாம், ரகசியச் சொல்லைக் குறிப்பிட்டு.

கடிதத்தை உண்மையில் எழுதியவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. யாரும் தேடவும் இல்லை.

முனியப்பன் ஒரு காலையில் கடத்தூர் வீட்டுக்கு வந்தார். நின்றுகொண்டே பேசினார். “நீங்க போற எடத்துக்கு எம் பொண்ணயும் கூட்டிட்டுப் போறீங்களா? ஆஸ்டல்ல சேத்துடறேன். உங்க கண்ணுல பட்டுக்கிட்டு இருந்தாப் போதும். இந்த ஊர்ல அவ படிக்க முடியாது.”

ஜூன் மாதம் பென்னாகரம் பக்கத்து மகளிர் பள்ளியில் பாஞ்சாலி பிளஸ் டூவில் சேர்ந்தாள். மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் ‘கணிப்பொறியின்படி திருப்திகரமாக இல்லை’ என்று அர்ச்சுனன் எழுதியிருந்தார். தலைமையாசிரியை ராணியம்மாள் அதை இரண்டு தடவை படித்தார். “நேர்ல பாத்தா எப்பிடிங்க பொண்ணு?” என்று ஹமீதுன்னிசாவிடம் கேட்டார். “நல்ல பொண்ணுங்க.” “அப்ப சரி” என்று சேர்த்துக்கொண்டார். அந்தப் பள்ளிக்கு இன்னும் கணிப்பொறி வரவில்லை.

மூன்றாம் வாரம் வகுப்பாசிரியை கை கொள்ளாத நோட்டுகளோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். நாற்பத்தோரு நோட்டுகள். அட்டையில் நாற்பதில் பெயர் இருந்தது. ஒன்றில் பெயர் இல்லை, வகுப்பு இல்லை, உள்ளே கணக்கு மட்டும் சுத்தமாகப் போட்டிருந்தது.

“உங்க பாஞ்சாலியோடதுதாங்க. எத்தன தடவ சொல்லிட்டேன், பேரு எழுத மாட்டேங்கறா” என்றார் வகுப்பாசிரியை.

மதியம் ஹமீதுன்னிசா பாஞ்சாலியைத் தையல் அறைக்குக் கூப்பிட்டார். நோட்டை மேசையில் வைத்து, பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்தார். பாஞ்சாலி இரண்டையும் பார்த்தாள்.

“எழுது கண்ணு. உன் பேருதானே.”

பாஞ்சாலி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பேனாவை மூடி ஹமீதுன்னிசாவின் கையில் கொடுத்தாள்.

“அப்புறமா எழுதறேங்க டீச்சர்” என்றாள்.